கையேட்டின் கேட்போர்: மென்பொருள் விளக்க நூல்களில் படர்க்கையும் முன்னிலையும்

1. முன்னுரை

நன்னூலார் சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டிய செய்திகளாக எட்டினைக் கூறுகிறார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவற்றுள் 'கேட்போர்' என்பது நூலைக் கற்றற்குரியவர் யாவர் என்பதைக் குறிக்கும். நூல் தன் பொருளை அறிவிப்பதோடு தன்னைக் கற்பவர் யார் என்பதையும் வாயிலிலேயே அறிவித்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

கணிப்பொறி மென்பொருளுக்கு எழுதப்படும் விளக்க நூல்கள் புதியவர்க்குப் புரிவதில்லை என்னும் குறை நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகிறது. சொற்கள் கடினமானவை, தொடர்கள் நீண்டவை, கலைச்சொற்கள் மிகுந்தவை என்று இதற்குக் காரணம் கூறுவர். தமிழாக்கங்கள் குறித்தும் இதே காரணமே கூறப்படுகிறது. பொருத்தமான கலைச்சொல் கிடைத்துவிட்டால் கையேடு எளிதாகிவிடும் என்னும் நம்பிக்கை மொழிபெயர்ப்பாளரிடையே பரவலாக உண்டு.

இக்கட்டுரை இக்கருத்தை வரலாற்று நோக்கில் மறு ஆய்வு செய்கிறது. விளக்க நூல்களின் வரலாற்றில் சொல்லெளிமையைக் காட்டிலும் கேட்போர் யார் என்னும் வினாவே பெரிதாக நின்றது என்பதும், அவ்வினாவிற்கான விடை நூலின் இலக்கண அமைப்பிலேயே, குறிப்பாக இடப் பாகுபாட்டில், பதிந்து கிடக்கிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. இக்கட்டுரையில், வேண்டியபோது எடுத்துப் பார்ப்பதற்குரிய நூல் 'நோக்கு நூல்' எனவும், முதலிலிருந்து கற்பதற்குரிய நூல் 'பயிற்று நூல்' எனவும் சுட்டப்படும்.

2. மொழிபெயர்ப்பிற்கு எழுந்த உரை

கணிப்பொறிக்கு எழுதப்பட்ட தொடக்ககால விளக்கங்களுள் தலையாயது ஒரு மொழிபெயர்ப்பு என்பது மொழிபெயர்ப்பாளர் நினைவிற்கொள்ளத் தக்கது. சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்புப் பொறியைப் பற்றி இத்தாலியப் பொறியாளர் மெனாப்ரியா 1842-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதனை ஆங்கிலத்தில் பெயர்த்த அடா லவ்லேஸ், 1843-இல் அதனுடன் தம் குறிப்புகள் ஏழினையும் சேர்த்து வெளியிட்டார். அக்குறிப்புகள் மூலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமானவை. பெர்னூலி எண்களைப் பொறி எவ்வாறு படிப்படியாகக் கணிக்கும் என்பதைக் காட்டும் அட்டவணை இறுதிக் குறிப்பில் இடம்பெற்றுள்ளது. மூலத்தைப் பெயர்த்தல் மட்டும் போதாது, கேட்போர்க்கு உரையும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

உண்மையில் இயங்கிய பொறிகளுக்குக் கையேடுகள் எழுந்தது ஒரு நூற்றாண்டு கழித்தேயாகும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 1 பொறிக்கு 1946-இல் வெளிவந்த இயக்கக் கையேடு 500 பக்கங்களுக்கு மேற்பட்டது. அதனை எழுதியதில் கிரேஸ் ஹாப்பருக்குப் பெரும்பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் பொறியின் பட்டறிவைக் கொண்டு வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவர் 1951-இல் வெளியிட்ட நூல் நிரலாக்கம் பற்றிய முதல் நூலாகக் கருதப்படுகிறது. இந்நூல்களின் கேட்போர் பொறியை அருகிருந்து பார்த்தவர்கள், கணிதம் கற்றவர்கள். நூலாசிரியரும் கேட்போரும் ஒரே அவையத்தாராக இருந்தமையால், புரிதல் பற்றிய சிக்கல் அன்று தனியே எழவில்லை.

3. ஒரு மொழி, இரு நூல்கள்

பொறியைக் காணாதவரும் நிரல் எழுதும் நிலை தோன்றியபோது அவையம் விரிந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஃபோர்ட்ரான் மொழிக்குரிய நோக்கு நூல் 1956 அக்டோபரில் வெளிவந்தது. மொழிமாற்றி நிரல் பயனர்களைச் சென்றடைந்தது 1957-இல். அதே ஆண்டில் தொடக்கநிலையினர்க்கென ஒரு பயிற்று நூலையும் அந்நிறுவனம் வெளியிட்டது. பொருள் ஒன்றே, கேட்போர் இருவர், ஆகவே நூலும் இரண்டு என்னும் முறை இவ்வாறு தொடங்கியது.

டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் ஆகிய இரு கணிதப் பேராசிரியர்கள் 1964 மே 1-ஆம் நாள் இயக்கிக் காட்டிய பேசிக் மொழி, மேலும் ஒருபடி முன் சென்றது. அறிவியல் பயிலாத மாணவர்களும் கணிப்பொறியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். இங்குப் புதியவருக்காக நூல் மட்டும் எளிதாக்கப்படவில்லை. விளக்கப்பட வேண்டிய மொழியே எளிதாக அமைக்கப்பட்டது. விளக்கத்தின் கடுமை சில வேளைகளில் விளக்கப்படும் பொருளின் கடுமையே என்பதற்கு இது சான்றாகும்.

4. யூனிக்ஸ் கையேடு

இன்றளவும் வழக்கிலிருக்கும் நோக்கு நூல் வடிவங்களுள் மிகுந்த செல்வாக்குடையது யூனிக்ஸ் இயக்க அமைப்பின் கையேடாகும். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய அதன் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3 எனத் தேதியிடப்பட்டது. ஒவ்வோர் ஆணைக்கும் தனிப்பதிவு உண்டு. பெயர், சுருக்க வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், பிற பதிவுகளுக்கு வழிகாட்டல், அறியப்பட்ட பிழைகள் என்னும் உறுப்புகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும். தம் ஆக்கத்தின் குறைகளை ஆக்கியோரே தனித்தலைப்பிட்டு ஒப்புக்கொள்ளும் அந்தப் 'பிழைகள்' உறுப்பு, தொழில்நுட்ப எழுத்தில் போற்றத்தக்க நேர்மையாகும்.

ஒவ்வொரு பிரிவிலும் பதிவுகள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டன. மனப்பாடத்திற்குரிய நிகண்டு, வேண்டியபோது தேடுவதற்குரிய அகராதியாக 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதியில் வடிவம் மாறியதை நாம் அறிவோம். தேடுவோர்க்கு அகரவரிசையினும் சிறந்த முறை இல்லை. ஆனால் தேட வேண்டிய சொல்லையே அறியாதவர்க்கு அது பயன் தராது. முதலிலிருந்து படிக்கப் புகும் புதியவர், தொடக்கப் பக்கங்களிலேயே அசெம்ப்ளர் பற்றிய பதிவைச் சந்திப்பார். அமைப்பினுள் நுழைவதற்கான 'லாகின்' என்பது அகரவரிசையின் நடுவே எங்கோ இருக்கும்.

இக்கையேட்டின் சுருக்கத்திற்கும் ஆணைப் பெயர்களின் சுருக்கத்திற்கும் புறச்சூழலும் காரணமாயிற்று. அன்றைய தொலைத்தட்டச்சுப் பொறி நொடிக்கு 10 எழுத்துகளையே அச்சிட வல்லது. இரண்டு, மூன்று எழுத்துகளில் ஆணைகள் அமைந்ததும், வேலை முடிந்தால் பொறி யாதும் கூறாது வாளா இருந்ததும் அச்சூழலுக்குப் பொருந்தியவை. அவ்விரண்டும் ஆக்கியோர்க்கு வசதியாகவும் புதியவர்க்குப் புதிராகவும் அமைந்தன.

நோக்கு நூல் மட்டும் போதாது என்பதை அதே ஆய்வுக்கூடத்தினர் விரைவிலேயே உணர்ந்தனர். பிரையன் கெர்னிகன் தொடக்கநிலையினர்க்கென யூனிக்ஸ் பற்றி எழுதிய சிறு பயிற்று நூல், 1975-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பின் ஆவணங்களுள் இடம்பெற்றது. அதன் வைப்புமுறை கருதத்தக்கது. அமைப்பினுள் நுழைதல், ஆணையைத் தட்டச்சிடுதல் ஆகியவற்றை அடுத்து, முனையம் விந்தையாக நடந்துகொண்டால் செய்ய வேண்டுவனவும் தட்டச்சுப் பிழைகளைத் திருத்தும் முறையும் கூறப்படுகின்றன. கோப்புகளைப் பற்றிய செய்திகள் அதற்குப் பின்னரே வருகின்றன. இங்கு நூலின் வரிசை கற்பவரின் இடர்ப்பாடுகளின் வரிசையாக அமைந்துள்ளது.

1979-இல் ஏழாம் பதிப்பு வெளிவந்தபோது இப்பாகுபாடு நூலமைப்பாகவே நிலைபெற்றது. முதல் தொகுதி நோக்குப் பதிவுகளையும், இரண்டாம் தொகுதி பயிற்று நூல்களையும் விளக்கக் கட்டுரைகளையும் கொண்டன. ஆயினும் முதல் தொகுதி இரண்டாம் தொகுதியின்றி உலவியது. கணிப்பொறி முனையத்திலேயே நோக்குப் பதிவுகளை அழைத்துப் படிக்கும் வசதி ஏற்பட்டபின், புதியவர் கைக்கு முதலில் எட்டியது அவருக்கென எழுதப்படாத நூலாயிற்று. உளவியலறிஞர் டொனால்டு நார்மன் 1981-இல் எழுதிய கட்டுரையில், யூனிக்ஸ் பொதுப் பயனர்க்கு ஏற்றதன்று என்று கண்டித்தார். ஆணைப் பெயர்கள் அவற்றின் செயலை உணர்த்தாமையும், அமைப்பு வாய்திறவாமையும் அவர் சுட்டிய குறைகளுள் சில.

5. எழுவாய் யார்?

நோக்கு நூலும் பயிற்று நூலும் வேறுபடுவது அளவில் மட்டுமன்று; தொடரமைப்பிலும் அவை வேறுபடுகின்றன. 'கேட்' என்னும் யூனிக்ஸ் ஆணையை எடுத்துக்கொள்வோம். கோப்பின் உள்ளடக்கத்தை முனையத்தில் காட்ட அது பயன்படுகிறது. ஒரே செய்தியை இருவகையில் கூறும் தொடர்கள், இக்கட்டுரைக்கென ஆக்கப்பட்டவை, வருமாறு:

(அ) கோப்புப் பெயர் கொடுக்கப்படாவிடில் கேட் இயல்பு உள்ளீட்டிலிருந்து படிக்கும்.

(ஆ) கோப்பின் பெயரைத் தராமல் கேட் என்று மட்டும் தட்டச்சிட்டால் பொறி நின்றுவிட்டதுபோல் உங்களுக்குத் தோன்றும். அது நிற்கவில்லை, நீங்கள் அடிக்கப்போகும் வரிகளுக்காகக் காத்திருக்கிறது. புதிய வரியின் தொடக்கத்தில் கட்டுப்பாட்டு விசையுடன் டி விசையை அழுத்தினால் வெளியேறலாம்.

தொடர் (அ)-வில் எழுவாய் ஆணை; அது படர்க்கை. பயனர் அங்கு இல்லை. 'கொடுக்கப்படாவிடில்' என்னும் செயப்பாட்டு வடிவம் கொடுப்பவரை மறைத்துவிடுகிறது. தொடர் (ஆ)-வில் முன்னிலை வந்துள்ளது. தோன்றுதல், காத்திருத்தல், வெளியேறுதல் என்னும் வினைகளால் காலமும் வந்துள்ளது. முதலாவது எக்காலத்துக்கும் பொருந்தும் விதி. இரண்டாவது ஒரு நிகழ்ச்சி.

(அ) குறைந்த சொற்களால் ஆனது, இலக்கணப் பிழையற்றது, முழு உண்மை. அறிந்தவர்க்கு அதனினும் சிறந்த தொடர் தேவையில்லை. ஆயினும் வெறுமையாய் நிற்கும் முனையத்தின் முன் அமர்ந்திருக்கும் புதியவர் தம் நிலைமையை அத்தொடரில் கண்டுகொள்ள இயலாது. 'இயல்பு உள்ளீடு' என்பதற்கு வேறு கலைச்சொல்லைப் பெய்தாலும் இக்குறை நீங்காது. குறைவது சொல்லன்று, முன்னிலையே.

6. எண்ணிக்கை வாய்பாடுகளின் எல்லை

படிப்பெளிமையை எண்ணால் அளக்கும் முயற்சிகளும் இவ்வரலாற்றின் ஒரு கூறாகும். ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-இல் வெளியிட்ட வாய்பாடு, ஒரு தொடரில் உள்ள சொற்களின் சராசரியையும் ஒரு சொல்லில் உள்ள அசைகளின் சராசரியையும் மட்டுமே கருதுகிறது. கின்கேடும் உடன் ஆய்வாளரும் 1975-இல் அமெரிக்கக் கடற்படையினர்க்காக இவ்வாய்பாட்டைத் திருத்தியமைத்தனர். தொழில்நுட்பக் கையேடுகளை மதிப்பிடுவதே அதன் நோக்கம். யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வுக்கூடத்திலேயே லோரிண்டா செரியும் பிறரும் உருவாக்கிய எழுத்து நடை ஆய்வு நிரல்கள் இத்தகைய வாய்பாடுகளைத் தாமாகவே கணித்தன.

மேற்காட்டிய (அ), (ஆ) தொடர்களை இவ்வகை அளவுகோல்கள் பிரித்தறிய மாட்டா. அவை கேட்போரை நோக்குவதில்லை. மேலும் ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் சொல்லின் நீளம் கடுமையின் அளவாகாது. 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்னும் நெடுஞ்சொல் எழுத்தறிந்த எவர்க்கும் புரியும். மாறாக, யூனிக்ஸ் சார்ந்த தமிழாக்கத்தில் 'குழாய்', 'கூடு', 'கரு' என்பன யாவரும் அறிந்த குறுஞ்சொற்கள். ஓர் ஆணையின் வெளியீட்டை மற்றோர் ஆணைக்கு உள்ளீடாக்கும் இணைப்பே 'குழாய்' என்பதை அறியாதவர்க்கு அச்சொல்லின் எளிமை உதவுவதில்லை. தமக்குப் புரிந்துவிட்டது என்னும் பொய்த் தெளிவையே அது தருகிறது. எளிய சொல், எளிய கருத்து என்னும் இரண்டும் வேறுவேறானவை.

7. நூர்ன்பெர்க் புனல்

1980-களில் கணிப்பொறி அலுவலகங்களுக்குள் புகுந்தபோது கேட்போர் எண்ணிக்கை பெருகியது. ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் ஜான் கரோலும் உடன் ஆய்வாளரும், சொற்செயலியைக் கற்க முயன்ற அலுவலகப் பணியாளர்களை நேரிற் கண்டு ஆராய்ந்தனர். வணிக முறையில் வழங்கப்பட்ட தற்பயிற்சிக் கையேடுகள் விரிவானவை, படிநிலை பிறழாதவை. எனினும் கற்போர் அவற்றை அந்த ஒழுங்கில் படிக்கவில்லை. முன்னுரையைத் தாவினர், தாம் செய்ய விரும்பிய வேலையை உடனே செய்யப் புகுந்தனர், ஒரு படி தவறியதும் மீளும் வழி அறியாது திகைத்தனர். தவறில்லாத வழியை மட்டுமே கையேடு கூறியதால், தவறியவர்க்கு அதில் இடமில்லாது போயிற்று.

இதற்கு மாற்றாகக் கரோல் குழுவினர் 'குறுமக் கையேடு' ஒன்றை உருவாக்கினர். முன்னோட்டங்களும் தொகுப்புரைகளும் நீக்கப்பட்டன. உண்மையான வேலை தொடக்கத்திலேயே தரப்பட்டது. இயல்களின் தலைப்புகள் அமைப்பின் உறுப்புகளைக் கூறாமல் கற்பவரின் செயல்களைக் கூறின. பிழையை அறிந்துகொள்ளவும் அதிலிருந்து மீளவும் வேண்டிய செய்திகள் முதன்மை பெற்றன. மிகவும் சிறிதான அக்கையேட்டைப் பயன்படுத்தியவர்கள் குறைந்த நேரத்தில் கற்றதோடு சோதனைப் பணிகளையும் சிறப்பாகச் செய்தனர் என ஆய்வுகள் காட்டின.

இவ்வாய்வுகளைத் தொகுத்துக் கரோல் 1990-இல் வெளியிட்ட நூலின் பெயரில் 'நூர்ன்பெர்க் புனல்' என்னும் தொடர் இடம்பெறுகிறது. தலையில் புனலை வைத்து அறிவை ஊற்றிவிடலாம் என்னும் பழைய ஐரோப்பியக் கற்பனை அது. நூர்ன்பெர்க் நகரத்துப் புலவர் ஹார்ஸ்டோர்ஃபர் 1647-இல் வெளியிடத் தொடங்கிய செய்யுளியல் நூலுக்குப் 'புனல்' எனப் பெயரிட்டு, ஆறு மணி நேரத்தில் கவிதைக் கலையை ஊற்றிவிடலாம் என்று அறிவித்ததிலிருந்து அத்தொடர் பரவியது. அத்தகைய புனல் இல்லை என்பதே கரோலின் முடிவு.

இம்முடிவைச் சுருக்கமே எளிமை எனப் பிழைபட உணர்ந்தவர்களும் உளர். கரோலும் வான் டெர் மெய்யும் 1996-இல் இத்தவறான கருத்துகளை மறுத்து எழுதினர். யூனிக்ஸ் பதிவும் சுருக்கமானதே. குறுமக் கையேடும் சுருக்கமானதே. முன்னது அறிந்தவரை நம்பிச் சுருங்கியது. பின்னது கற்பவரின் செயலை நம்பிச் சுருங்கியது. மேலும் குறுமக் கையேட்டின் கேட்போர் கடிதம் எழுதுதலையும் தட்டச்சையும் முன்னரே அறிந்தவர்கள். தொழிலையே அறியாதவர்க்கு அதே சுருக்கம் பொருந்துமா என்பது தனியே ஆராயத்தக்கது.

8. ஒரே நூலில் இரு கேட்போர்

இருவகைக் கேட்போர்க்கும் ஒரே நூலை அமைத்தவர் டொனால்டு நூத். தாம் உருவாக்கிய அச்சுக்கோப்பு மென்பொருளாகிய டெக்கிற்கு 1984-இல் அவர் வெளியிட்ட நூலில், கடினமான பத்திகளின் ஓரத்தில் சாலையின் ஆபத்தான வளைவைக் குறிக்கும் அடையாளம் இடப்பட்டிருக்கும். முதல் வாசிப்பில் அப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம் என்பது அதன் பொருள். தொடக்கத்தில் கூறப்படும் சில விதிகள் முழு உண்மையல்ல என்றும், பின்னர் அவை திருத்தப்படும் என்றும் முன்னுரையிலேயே அவர் தெரிவித்துவிடுகிறார். பயிற்றுவோர் பொதுவிதியை முன்னும் புறனடையைப் பின்னும் வைக்கும் மரபு நம் இலக்கண நூல்களிலும் உண்டு. நோக்கு நூலோ விதியையும் புறனடையையும் ஒருங்கே கூறியாக வேண்டும். இரண்டும் ஒரே பத்தியில் அமையும்போது புதியவர் இடர்ப்படுகிறார்.

9. தமிழாக்கம் நோக்கிச் சில கருத்துகள்

மேற்கண்ட வரலாறு தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு மூன்று செய்திகளை உணர்த்துகிறது.

முதலாவது, மூலம் எவ்வகை நூல் என்பதைப் பெயர்ப்பதற்கு முன்னரே துணிதல் வேண்டும். நோக்குப் பதிவை எவ்வளவு திருத்தமாகப் பெயர்த்தாலும் அது தமிழிலும் நோக்குப் பதிவாகவே இருக்கும். புதியவர்க்கு விளங்கவில்லை என்னும் பழி அப்போது மொழிபெயர்ப்பாளர் மீதும் தமிழ்க் கலைச்சொல் மீதும் வந்து சேர்கிறது. தமிழில் அறிவியல் கூற இயலாது என்பார்க்கு அது சான்றாகவும் ஆகிவிடுகிறது. மூலத்திலேயே புதியவர்க்கு இடமில்லை என்பதை எவரும் நோக்குவதில்லை.

இரண்டாவது, யார் யாரிடம் பேசுகிறார் என்பதைத் தமிழ் ஆங்கிலத்தினும் தெளிவாகக் காட்ட வல்லது. ஆங்கிலத்தில் திரையிலுள்ள பொத்தானின் பெயரும், பயனர்க்குக் கையேடு கூறும் அறிவுரையும் ஒரே வினை வடிவில் அமைகின்றன. தமிழில் பயனர் பொறியை நோக்கி இடும் ஆணை 'சேமி', 'திற', 'அழி' என ஒருமை ஏவலாக அமையலாம். பொறியோ கையேடோ பயனரை நோக்கிக் கூறுவது 'அழுத்துக', 'அழுத்தவும்', 'அழுத்துங்கள்' என வியங்கோளாகவோ மதிப்பு வடிவாகவோ அமையலாம். "சேமி என்னும் பொத்தானை அழுத்துங்கள்" என்னும் தொடரில் இரு ஏவல்கள் இருப்பினும் குழப்பமில்லை. இவ்வேறுபாட்டைப் பேணாது, பொத்தானிலும் 'சேமிக்கவும்' என்று எழுதினால், பொறி நம்மிடம் வேண்டுகிறதா, நாம் பொறியிடம் வேண்டுகிறோமா என்பது விளங்காது போகும்.

மூன்றாவது, செயப்பாட்டு வினையின் பெருக்கம். ஆங்கில நோக்குப் பதிவுகளை ஒட்டிப் 'படு' வினைகளை அடுக்கும்போது செய்பவர் மறைகிறார். பயிற்று நூலில் செய்பவரை வெளிக்கொணர்தல் நடை அழகிற்காக அன்று. 'இதைச் செய்ய வேண்டியவர் நானா, பொறியா?' என்னும் புதியவரின் முதல் ஐயத்திற்கு அதுவே விடையாகும்.

10. முடிவுரை

சூத்திரம் சுருங்கியிருத்தல் குற்றமன்று. அது சூத்திரத்தின் இலக்கணம். அதனைக் கற்பவர் கைக்கொள்ளும் வண்ணம் கருத்தும் பதப்பொருளும் எடுத்துக்காட்டும், அவற்றோடு வினாவும் விடையும் தருவதைக் காண்டிகையுரை என்றனர் நம் இலக்கண ஆசிரியர்கள். யூனிக்ஸ் கையேட்டின் முதல் தொகுதியைச் சூத்திரமாகவும் இரண்டாம் தொகுதியை உரையாகவும் கொண்டால், தொடக்கநிலையினர் அடைந்த இடர்ப்பாடு, உரையின்றிச் சூத்திரத்தை மட்டும் பெற்றமையால் விளைந்தது என்பது தெளிவாகும்.

எனவே மென்பொருள் விளக்கங்களைத் தமிழில் தருவோர், கலைச்சொல்லாக்கத்தில் செலுத்தும் உழைப்பில் ஒரு பகுதியையேனும் உரை எழுதுவதில் செலுத்துதல் நன்று. 1843-இல் ஒரு மொழிபெயர்ப்பாளர் மூலத்தினும் நீண்ட குறிப்புகளை எழுதித் தம் கடமையை விரித்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் உரையாசிரியராகவும் அமையும் அப்பணி தமிழ் மரபிற்குப் புதியதன்று. கையேட்டின் முகப்பில் கேட்போர் இன்னார் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குவதே அதற்கு முதற்படியாகும்.